அஞ்சும் ஒண்ணும்

இந்தத் தொல்லை உங்களுக்கும் வந்திருக்கும். நம் வயதுக்காரர்கள் வீட்டிலெல்லாம் இப்போது இதுதான் நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குத் திடீரென்று வம்சத்தின் மேல் பாசம் பொங்கி, நம் போனில் ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்து, "அம்மா, உனக்குத் தெரிஞ்ச பேரையெல்லாம் இதுல போடு, குடும்ப மரம் தானா வளரும்" என்று சொல்லிவிடுகிறான். நானும் வேளச்சேரி ஃபிளாட்டின் பால்கனியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து போட்டேன். அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர் ஆறுமுகம். எனக்கு அடுத்துப் பிறந்த மூன்று தம்பிகள், மூன்று கட்டங்கள். மூன்றிலும் ஆறுமுகம் என்றே போட்டேன்.

உடனே ஆப் கேட்டது, இந்த மூவரும் ஒரே நபராகத் தெரிகிறார்கள், இணைத்துவிடவா என்று.

"ஒரே பேரை மூணு தடவை தட்டிட்டியாம்மா?" என்று மகனும் அங்கிருந்து கேட்டான். தப்பில்லைடா, மூன்று பேர்தான் என்றேன். போனை வைத்துவிட்டு ஒரு பாட்டம் அழுதேன். எத்தனையோ வருஷமாக அழாத அழுகை. அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. உங்களுக்குப் பாதி சொன்னாலே போதும்.

எங்கள் ஆட்கள் தெற்கேயிருந்து வந்து தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்தவர்கள். எங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பெயர் தேடுவது என்ற வேலையே கிடையாது. மூத்த ஆண்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர். பேரன் என்றாலே பெயரைச் சுமக்கிறவன்தானே. எங்கள் மரத்தில் மேலே போகப் போக ஆறுமுகம், சிதம்பரம், ஆறுமுகம், சிதம்பரம் என்றுதான் வரும். பெயர் வைத்த பிள்ளை தவறிப்போனால் அந்தப் பெயர் திரும்பி வந்து காலியாக நிற்கும். அடுத்துப் பிறக்கிற பையன் அதில்தான் உட்கார வேண்டும். அந்த மூன்று தம்பிகளுக்கும் ஒரே பெயர் வந்தது இப்படித்தான். அம்மாவைப் பெற்றவருக்கு முறை வரவே இல்லை.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, மாமியார் பெயரையும் சொல்லக் கூடாது. எனக்கு வைத்தது மாமியார் பெயர். ஆகவே அம்மா என்னை 'பாப்பா' என்றாள். அவளைப் பார்த்து ஊரே பாப்பா என்றது. தலை முழுக்க நரைத்த பிறகும் தி.நகர்ப் பக்கம் போனால் பழைய கடைக்காரர்கள், "பாப்பா, நல்லாருக்கியா?" என்றுதான் கேட்கிறார்கள்.

பெயரைச் சொல்லக் கூடாது என்றால் பெயரை மட்டுமல்ல. அதற்குள் இருக்கும் எந்தச் சொல்லையும் சொல்லக் கூடாது என்று அம்மாவுக்கு அவள் ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆறு மணி என்று அவள் சொல்ல மாட்டாள். "அஞ்சும் ஒண்ணும் மணி ஆச்சு, விளக்கேத்து" என்பாள். முகம் கழுவு என்பதில்லை, மூஞ்சி கழுவு. காப்பி ஆறிவிடும் என்று சொல்ல முடியாது. "சூடு விட்டுரும், குடி" என்பாள். வாய்ப்பாடு ஒப்பிக்க உட்கார்ந்தால் ஐந்தாம் வாய்ப்பாட்டிலிருந்து ஏழாம் வாய்ப்பாட்டுக்குத் தாவிவிடுவோம். நடுவில் இருப்பது அப்பா வந்த பிறகு.

அத்தை வீடு இருந்ததோ அடையாறில். அப்பாவின் அக்கா அவள். ஒருநாள் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்து, "பாலத்துக்கு அந்தப் பக்கம் போப்பா" என்றாள் அம்மா.

"எந்தப் பாலம்மா? மெட்ராஸ்ல எத்தினி பாலம் கீது!"

"பெரிய பாலம். ஆலமரம்லாம் இருக்குமே, அங்க."

"பேர சொல்லும்மா. நான் இன்னா ஜோசியமா பாக்குறேன்?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் "அடையாறு!" என்று கத்தினேன். ரிக்‌ஷாக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இத்த சொல்றதுக்கு ஒரு ஆளு கூட்டினு வந்துகீறியா!" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் சிரித்தாள். அப்போதெல்லாம் அவள் சிரிப்பாள்.

முதல் தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தாத்தாதான் முதலில் போனார். எங்கள் பக்கத்தில் சேனை வைப்பது என்று ஒன்று உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் வீட்டுப் பெரியவர் விரலால் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, காதில் மூன்று முறை பெயரைச் சொல்லுவார். தாத்தா தன் பெயரைத் தானே சொன்னார். கடையில் வாங்கும் பாத்திரத்துக்கெல்லாம் பெயர் வெட்டிக் கொடுக்க ஒரு ஆள் இருந்தார். அவரை விட்டு வெள்ளிச் சங்கு ஒன்றில் ஆறுமுகம் என்று வெட்டச் சொல்லி, பால் புகட்டுவதற்குக் கொண்டுவந்து கொடுத்தார். சின்ன உளியால் கொத்திய எழுத்து. தடவினால் விரலில் நெருடும்.

அந்தத் தம்பி கொஞ்ச நாளில் மஞ்சள் பாரித்துச் செத்துப்போனான். அடுத்தவன் அதைவிடச் சீக்கிரம். மூன்றாவது தம்பி வீட்டுக்கே வரவில்லை. சங்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் புளி போட்டு விளக்கி வைக்கப்பட்டது. பெயர் அதேதானே, புதிதாக வெட்ட வேண்டிய வேலை இல்லை.

அம்மா அவர்களைத் தம்பி என்றாள், ராசா என்றாள், குட்டி என்றாள். மூன்று பிள்ளை பெற்றும், பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டதில்லை. கூப்பிட முடியாது, அது மாமனார் பெயர்.

நான் சொல்ல வந்தது நாலாவது தம்பி வந்த அந்தக் கோடைக்காலத்தைப் பற்றி. எனக்கு ஒன்பது வயது. கத்திரி வெயிலில் தார் ரோடு செருப்பில் ஒட்டியது. அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு சமையலறையில் பாத்திரம் விளக்குவாள். எங்கள் வீட்டுக் குடம், தட்டு, டம்ளர், கரண்டி எல்லாவற்றிலும் தாத்தா பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக்கடைக்காரர் வீடு அல்லவா. அந்த எழுத்தின் மேல் மட்டும் அவள் நாரைப் போட்டு அழுத்தித் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். எவர்சில்வரில் வெட்டியது தேய்த்தா போகும்?

அம்மாவுக்கு அப்போது உறுதியாகிவிட்டது, பெயர்தான் பிள்ளைகளைக் கொண்டுபோகிறது என்று. யாரிடம் சொல்லுவாள்? பட்டினப்பாக்கத்திலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மாவிடம் சொன்னாள். நெத்திலியை ஆய்ந்து போட்டுக்கொண்டே அந்த அம்மா கேட்டாள்.

"யம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. எங்க குப்பத்துல இந்த மாரி ஆனவங்க நெறைய பேரு கீறாங்க. கொயந்த பொறந்ததும் என் கைல குட்துடு. ஒரு மொறம் தவுடு குடுத்து நான் வாங்கிக்கிறேன். அப்பால அது உங்க வூட்டு கொயந்த இல்ல, மீன்காரி கொயந்த. நான் இன்னா பேரு வைக்கிறனோ அதான் பேரு. பிச்சைன்னு வைக்கிறேன். பிச்சைய எவன் வந்து எத்துகினு போவான்?"

அம்மா அந்த மீன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாடை பட்டதென்று அன்று குளிக்கக்கூட இல்லை.

ஆனால் தாத்தா சம்மதிக்க வேண்டுமே. ஒரு நாள் காலை, அவர் கூடத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா என்னைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினாள். அப்பா கடைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, தாத்தாட்ட சொல்லு. இந்தப் பிள்ளைக்கு அந்தப் பேரு வேண்டாம்னு சொல்லு."

தாத்தா பேப்பரை இறக்கினார். "எந்தப் பேரு?"

அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். உயிர் போகிற விஷயம், அதைச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. கடைசியில் என்னை நகர்த்திவிட்டு நேராகவே பேசினாள்.

"கடைப் பலகையில இருக்க பேரு மாமா. மூணு பெத்தேன். மூணையும் அந்தப் பேருக்கே குடுத்துட்டேன். இந்த ஒண்ண எனக்குக் குடுங்க. மீன்காரம்மாட்ட தவிட்டுக்கு வித்து அவளயே பேரு வைக்கச் சொல்லுதேன்." அந்த வயிற்றோடு தரையில் மண்டியிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப என் பேருதான் பிள்ளைகளத் தின்னுதுங்க, என்ன?"

அவள் இல்லை என்று சொல்லவில்லை. தாத்தா வெகுநேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பித்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தாத்தா என்னிடம், "பாப்பா, உங்கம்மாட்ட சொல்லு. மீன்காரி வைக்கிற பேரே இருக்கட்டும்" என்றார். அம்மா அங்கேயேதான் இருந்தாள். ஆனாலும் என்னிடம் சொன்னார்.

அதற்கப்புறம் தாத்தா ஆளே மாறிப்போனார். கடையில் அவர் வயதொத்த ஏஜென்ட் ஒருவர் ஆறுமுகம் என்று வாய் நிறையக் கூப்பிடுவார். "முதலாளின்னு கூப்பிடுங்கய்யா, போதும்" என்று அவரிடமே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வரும் பாத்திரத்தில் பெயர் வெட்ட வேண்டாம் என்றார். தெருவில் விளையாடும் பிள்ளைகளின் தலையைத் தடவும் பழக்கம் அவருக்கு உண்டு. அதையும் விட்டுவிட்டார். தன் பெயரை விஷம் என்று நம்பிவிட்ட மனுஷன். எனக்கு அது அப்போது புரியவில்லை. தாத்தாவுக்குக் கோபம் என்று நினைத்து ஒதுங்கிப் போனேன்.

இதையெல்லாம் அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. என் மகள் உண்டாகியிருந்தபோது டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். அவளுக்கு நெகட்டிவ், மாப்பிள்ளைக்குப் பாசிட்டிவ். இதனால் அடுத்தடுத்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம், இப்போது ஊசி இருக்கிறது, பயமில்லை என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கிழவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"உங்கம்மாவுக்கும் அதான். மூணாவது போனப்பவே பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா என்னத் தனியாக் கூப்பிட்டு, உங்க ரத்தமும் அவங்க ரத்தமும் சேராதுன்னு சொன்னாங்க."

"அப்புறம் என்னப்பா சொன்னாங்க?"

"சேராதுன்னதுமே எனக்குக் காது அடச்சுப் போச்சு. அதுக்கு மேல அவங்க சொன்னது எதுவும் மண்டையில ஏறல. எங்கக்கா காதுக்குப் போச்சுன்னா சேராதவளக் கட்டி வச்சிட்டோம்னு உங்கம்மாவ ஊருக்கு அனுப்பிட்டு எனக்கு வேற பொண்ணு பாத்திருக்கும். பேருதான் காரணம்னு உங்கம்மா சொன்னா. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

எங்கள் வீட்டில் சேராது என்றால் ஜாதகம் சேராது, மனசு சேராது, இரண்டு குடும்பத்துக்கு ஆகாது என்றுதான் பொருள். டாக்டரம்மா சொன்னது வேறு சேராது. அடுத்த தடவை பிரசவத்துக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள், வேறு ரத்தம் மாற்றப் பார்க்கலாம் என்றுதான் அவர் தொடர்ந்து சொல்லியிருக்க வேண்டும். அம்மாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அப்பா வாயை மூடிக்கொண்டார். அந்தக் கிழவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டி யாரைத் திரும்பக் கொண்டுவருவது?

நாலாவது தடவை அம்மா பெரியாஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மூன்று பிள்ளை செத்த இடம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பூக்கடைக் கூச்சலும் கதம்ப வாசனையும் வரும். தம்பி பிறந்ததும் போட்ட சத்தம் மாடிப்படி வரை கேட்டது. தாத்தா வரவில்லை. சேனை வைக்கவும் யாரும் இல்லை. பழைய சங்கை வீட்டிலேயே விட்டுவிட்டு அம்மா ஒரு டீஸ்பூனைக் கொண்டுவந்திருந்தாள்.

சொன்னபடி மீன்காரம்மா வந்தாள். தலையில் பூ, கண்டாங்கிச் சேலை, முறத்தில் தவிடு. வாசற்படியில் வைத்துத் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "என் கொயந்தடா நீ! இன்னா பேரு ஒனக்கு? பிச்ச! பிச்ச!" என்று குலுக்கினாள். பிறகு, "யம்மா, என் கொயந்தைய கொஞ்ச நாளு வளத்துக் குடு" என்று அம்மா மடியில் போட்டுவிட்டுப் போனாள். தம்பியின் கன்னத்தில் தவிட்டுத் தூசி ஒட்டியிருந்தது.

அன்றைக்கு அம்மாவைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "பிச்ச" என்றாள். "ஏ பிச்ச, இங்க பாரு. பிச்சைக்குப் பசிக்குதா? பிச்ச ஏன் மூஞ்சியத் தூக்குதான்?" பால் கொடுக்கும்போதும் கூப்பிட்டாள், தூங்கும்போதும் எழுப்பிக் கூப்பிட்டாள். பக்கத்துக் கட்டில்காரி, "என்னம்மா, பேரைத் தேய்ச்சிடுவ போலிருக்கே" என்றாள். அம்மாவுக்கு அடங்கவில்லை. வாய்க்குள் ஒரு பெயரைப் போட்டு மெல்லக் கிடைத்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் ஜன்னல் வெளிச்சத்தில் நான்தான் பார்த்தேன். "அம்மா, தம்பி காலு மஞ்சளா இருக்கு."

"எங் கையில இருந்த மஞ்சள்தான் ஒட்டிருக்கு" என்று அம்மா ஈரத்துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்தாள், மறுபடி நனைத்துத் துடைத்தாள். பாதம் சிவந்துபோனது, மஞ்சள் போகவில்லை. பிறகு இமையைப் பிரித்துக் கண்ணைப் பார்த்தாள். துணி கீழே விழுந்தது. பச்சை உடம்போடு பிள்ளையை வாரிக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் மாடிப்படி இறங்கி ஓடினாள். டீ குடிக்கப் போயிருந்த அப்பா எதிரே வந்தவர், பார்த்ததும் புரிந்துகொண்டு டாக்சியை மறித்தார். வழி முழுக்க அம்மா, "நான்தான் பேரை மாத்திட்டேனே, நான்தான் மாத்திட்டேனே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. பிள்ளையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "போன தடவையே சொன்னேனே உங்ககிட்ட. முன்னாடியே கூட்டிட்டு வரச் சொன்னேனே." அப்பா தரையைப் பார்த்தார். "என்ன சொன்னாங்க? உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று அம்மா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பொருத்தமான ரத்தம் கிடைப்பதற்குள் தம்பி போய்விட்டான்.

மதியம் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் பழைய சேலையில் கிடத்தினார்கள். சின்னப் பிள்ளை என்பதால் கண்ணம்மாப்பேட்டை மயானத்துக்கு எடுத்துப்போக அதிக நேரம் வைத்திருக்கவில்லை. தகவல் தெரிந்து மீன்காரம்மா கூடையை எங்கேயோ போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என் கொயந்தைய எங்கடா எத்துகினு போறீங்க? தவுடு குட்து வாங்கின கொயந்தடா!" என்று வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அத்தை அவளை வெளியே போகச் சொன்னாள். அம்மா, "அவதான் பெத்தவ, அவள உள்ள விடுங்க" என்றாள். தெருப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து, "மனச ஆத்திக்கோ" என்றார்கள். அந்தச் சொல்லைக்கூட என் அம்மா வாயால் திருப்பிச் சொல்ல முடியாது.

ஆண்கள் தம்பியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு தாத்தா மட்டும் கூடத்து நாற்காலியில் இருந்தார். தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தவர், ஒரு சமயம் துண்டை எடுத்துவிட்டு யாரையும் பார்க்காமல், "அப்ப அது என் பேரு இல்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "என் பேரு இல்லல்லா... என் பேரு இல்ல" என்றார். அந்த அழுகைக்குள் ஒரு நிம்மதி இருந்தது. ஒன்பது வயதில் எனக்கே அது கேட்டது. அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். இப்போது அவர் வயதைத் தொட்டுவிட்டேன், வெறுக்க முடியவில்லை. மூன்று பிள்ளைகளைக் கொன்றோம் என்று நினைத்துக்கொண்டிருந்த மனுஷன், கொல்லவில்லை என்று தெரிந்ததும் மூச்சு விட்டார்.

அம்மாவுக்கும் கேட்டது. பெயர் காரணம் இல்லை என்றால் வேறு எதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பிள்ளையைக் காப்பாற்றுவது? அவள் கையில் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. பெண்களை விலக்கிக்கொண்டு எழுந்தாள். பால் கட்டி ஜாக்கெட் நனைந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ஆறுமுகம்" என்றாள்.

பின்னால் அத்தை "அடிப்பாவி" என்றாள். அம்மா திரும்பவில்லை. அவள் தாத்தாவைக் கூப்பிடவில்லை. விளையாடப் போன பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும் குரல் அது. தெருக் கோடியைப் பார்த்து இன்னொரு தடவை, "ஆறுமுகம்." கொஞ்சம் நிறுத்தி, மூன்றாவது பிள்ளைக்குக் கொஞ்சம் செல்லமாக, "ஏ ஆறுமுகம்" என்றாள்.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இந்தா வாரேம்மா" என்றார் தாத்தா.